வெப்பத்தை அளந்த மேதை காலண்டர்

(முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவன் எழுதியது)

நம் கல்லூரியில் இயற்பியலைத் துணைப்பாடமாகப் படித்த எவருக்கும் காலண்டர் என்னும் பெயர் புதிதன்று. காலண்டர் - பார்ன்ஸ் முறை என்று ஒரு பத்து மதிப்பெண் வினா. காலண்டர் - கிரிஃபித்ஸ் சமனச்சுற்று என்று இன்னொரு வினா. படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, சமன்பாட்டை எழுதி, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார், அவருக்கும் நம்மைப் போல் ஒரு கல்லூரிப் பருவம் இருந்தது என்று எண்ணிப் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்வதானால், முதலாண்டில் அந்தப் பெயரைக் கேட்டபோது சுவரில் மாட்டும் நாட்காட்டிதான் என் நினைவுக்கு வந்தது.

சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்த ஓர் அனுபவம் அந்த மனிதரைத் தேடிப் படிக்க வைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருடைய வாழ்க்கையைச் சொல்லத் தொடங்குவதற்கு அதைவிட நல்ல வாயில் எனக்குத் தெரியவில்லை.

ஒரு தைலமும் ஒரு தவறும்

என் ஆய்வுத் திட்டத்திற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் நீலகிரித் தைலம். என்னுடன் படிக்கும் நண்பரின் தந்தையார் மலையில் யூகலிப்டஸ் தழையை வடித்துத் தைலம் எடுத்து விற்பவர். வருமானம் பெரிதில்லை, பெயர்தான் அவருடைய சொத்து. கலப்படம் இல்லாத தைலம் என்ற அந்தப் பெயரை நம்பியே கடைக்காரர்கள் அவரிடம் வாங்குகிறார்கள். அவரிடமிருந்து ஐந்தாறு புட்டிகளில் மாதிரி வாங்கிக்கொண்டு, வெளியூரிலுள்ள ஓர் ஆய்வகத்திற்குச் சென்றேன். அங்கே வாயு நிறச்சாரல் பிரிகைக் கருவி ஒன்று இருந்தது. ஜி.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

இக்கருவியின் தத்துவம் எளியது. ஓவன் என்னும் சூடான அறைக்குள் நீண்ட குழல் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். குழலின் உட்புறத்தில் ஒரு திரவப் பூச்சு. ஹீலியம் அல்லது நைட்ரஜன் போன்ற வாயு அதன் வழியே ஓடிக்கொண்டே இருக்கும். ஊசியால் ஒரு துளி தைலத்தைச் செலுத்தினால் அது ஆவியாகி வாயுவோடு பயணம் செய்யும். பூச்சோடு அதிகம் ஒட்டும் பொருள் தாமதமாகவும், ஒட்டாத பொருள் விரைவாகவும் மறுமுனைக்கு வந்து சேரும். ஒவ்வொன்றும் வரும்போது தாளில் ஒரு முகடு எழும். எத்தனையாவது நிமிடத்தில் முகடு எழுகிறது என்பதைக் கொண்டு அது இன்ன பொருள் என்று சொல்கிறோம். ஏ. ஜே. பி. மார்ட்டின், ஏ. டி. ஜேம்ஸ் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் 1952இல் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டி இம்முறையை உலகுக்கு அளித்தார்கள்.

இதில் ஓவனின் வெப்பநிலைதான் உயிர்நாடி. வெப்பம் குறைந்தால் ஆவி பூச்சிலேயே அதிக நேரம் தங்கிவிடும். ஏறத்தாழ 15 டிகிரி குறைந்தால் தங்கும் நேரம் இருமடங்காகும் என்பது இத்துறையில் உள்ளோர் கைக்கணக்கு. ஒரு டிகிரி பிசகினாலும் முகடு நான்கைந்து விழுக்காடு நகர்ந்துவிடும்.

எனக்கு என்ன நடந்தது? முதல் முறை சென்றபோது தூய சினியோலைச் செலுத்திப் பார்த்து, அது 6 நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டேன். நீலகிரித் தைலத்தின் முக்கியப் பொருள் சினியோல்தான். ஒரு மாதம் கழித்துத் தைல மாதிரிகளுடன் மீண்டும் சென்றேன். நேரத்தை மிச்சப்படுத்தும் ஆசையில் தூய சினியோலை மறுபடி செலுத்தவில்லை. பழைய குறிப்பையே நம்பினேன். ஓவனின் காட்டியில் 100 டிகிரி என்று ஒளிர்ந்தது. தைலத்தைச் செலுத்தினேன். 6 நிமிடத்தில் ஒன்றும் வரவில்லை. 7 நிமிடம் கடந்தபின் ஒரு பெரிய முகடு எழுந்தது. இரண்டாவது புட்டி, மூன்றாவது புட்டி, எல்லாவற்றிலும் அதே கதை.

சினியோல் இல்லை, வேறு ஏதோ ஒரு பொருள் நிறைய இருக்கிறது என்று முடிவு கட்டினேன். நண்பரின் தந்தையார் கலப்படம் செய்கிறார் என்று என் குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உண்மையை எழுதுவதா, நண்பரின் முகத்தைப் பார்ப்பதா என்ற போராட்டம். எழுதியது உண்மைதானா என்ற கேள்வி மட்டும் எழவில்லை.

மறுநாள் அந்த ஆய்வகத்தின் கருவிகளைப் பராமரிக்கும் அண்ணன் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தைலத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. தனி வெப்பமானிக் கம்பி ஒன்றை எடுத்து வந்து, ஓவன் கதவின் இடுக்கு வழியே உள்ளே நுழைத்து, காத்திருந்து பார்த்தார். காட்டியில் 100 டிகிரி. உள்ளே உண்மையில் இருந்தது 96 டிகிரி. பிறகு மின்சாரத்தை நிறுத்தி, கருவியின் பின்புறத்தைத் திறந்தார். வெப்பத்தை உணரும் பிளாட்டினக் கம்பியிலிருந்து வரும் இணைப்பில் ஒரு திருகாணி தளர்ந்து, களிம்பேறிக் கிடந்தது. அதைச் சுரண்டித் துடைத்து இறுக்கினார். மீண்டும் தைலத்தைச் செலுத்தினோம். சரியாக 6 நிமிடத்தில் முகடு எழுந்தது. பெரியவருடைய தைலத்தில் குற்றம் இல்லை. குற்றம் ஒரு திருகாணியில் இருந்தது; அதைவிட அதிகமாக என் அவசரத்தில் இருந்தது.

கல்லூரிக்குத் திரும்பி எங்கள் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை இயற்பியல் துறைக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்த ஐயா அவர்கள் அலமாரியைத் திறந்து, தூசி படிந்த ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். காலண்டர் - கிரிஃபித்ஸ் சமனச்சுற்று! எந்தத் திருகாணியிடம் நான் ஏமாந்தேனோ, அந்த வகைக் குறையை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து மருந்து கண்டவர் அந்தக் காலண்டர்தான் என்று அவர் விளக்கினார். அன்று தொடங்கிய ஆர்வத்தின் விளைவே இக்கட்டுரை.

இலக்கியம் படித்த இயற்பியலாளர்

ஹியூ லாங்போர்ன் காலண்டர் 1863ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஹேதரப் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தேவாலயத்தின் குரு. மார்ல்பரோ பள்ளியில் பயின்றபின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிடி கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவர் முதலில் படித்தது எது தெரியுமா? இயற்பியல் அன்று. கிரேக்கமும் இலத்தீனும்! 1884இல் அந்தச் செவ்வியல் மொழித் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த ஆண்டே, 1885இல், கணிதத் தேர்விலும் முதல் வகுப்பில் தேறினார். நம் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்த ஒருவர் அடுத்த ஆண்டே கணிதத்திலும் முதல் வகுப்பு வாங்கினால் நாம் எப்படி வியப்போமோ, அப்படிப்பட்ட செயல் அது.

அந்நாளில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1884இன் இறுதியில் ஜே. ஜே. தாம்சன் அதன் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். அவருக்கு அப்போது வயது 28. எலக்ட்ரானை உலகுக்கு உணர்த்திய தாம்சன் அவரேதான். அப்புகழ் அவருக்கு வந்தது 1897இல். அந்த இளம் பேராசிரியரிடம் 1885இல் காலண்டர் வந்து சேர்ந்தார். சோதனைச்சாலையில் வேலை செய்த பழக்கம் அவருக்கு இல்லை. இப்படிப்பட்ட மாணவனுக்கு என்ன வேலை கொடுப்பது? தாம்சன் அவருடைய கைத்திறத்தையும் பொறுமையையும் கண்டுகொண்டு, ஒரு கம்பியின் மின்தடையை நுட்பமாக அளக்கும் வேலையைக் கொடுத்தார். அந்த வேலையே காலண்டரின் வாழ்நாள் வேலையாயிற்று. மறு ஆண்டே, 1886இல், டிரினிடி கல்லூரி அவரைத் தன் ஆய்வாளர் குழுவில் சேர்த்துக்கொண்டது.

கைவிடப்பட்ட கம்பி

உலோகக் கம்பியைச் சூடேற்றினால் அதன் மின்தடை கூடும். ஆகவே மின்தடையை அளந்தால் வெப்பநிலையைச் சொல்லிவிடலாம். இந்த எண்ணம் காலண்டருடையது அன்று. வில்லியம் சீமன்ஸ் என்னும் பொறியியல் அறிஞர் 1871இல் லண்டன் ராயல் சங்கத்தில் இதைப் பற்றிப் பேருரை ஆற்றினார். களிமண் உருளையில் பிளாட்டினக் கம்பியைச் சுற்றி, இரும்புக் குழாயில் வைத்து, உலைகளின் வெப்பத்தை அளக்கும் கருவியைச் செய்தார். பாதரசம் கொதித்துப் போகும் வெப்பத்திலும் பிளாட்டினம் உருகாமல் நிற்கும் அல்லவா?

ஆனால் விதி வேறு விதமாக இருந்தது. பிரிட்டிஷ் கழகம் என்னும் அறிவியல் சபை ஒரு குழுவை அமைத்து அக்கருவியைச் சோதித்தது. உலையில் சூடேற்றிவிட்டு மீண்டும் பனிக்கட்டியில் வைத்துப் பார்த்தால், கம்பி பழைய மின்தடைக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே போயிற்று. 1874இல் குழுவின் அறிக்கை வெளிவந்தது. அளவுகோலே நீளும், சுருங்கும் என்றால் அதைக் கொண்டு எதை அளப்பது? பிளாட்டினக் கம்பி அறிவியலாரின் நம்பிக்கையை இழந்தது.

பத்தாண்டுகளுக்கு மேல் அவநம்பிக்கையில் கிடந்த அந்தக் கம்பியைத்தான் 22 வயது காலண்டர் கையில் எடுத்தார். குற்றம் பிளாட்டினத்துடையதா, அதை வைத்திருந்த விதத்துடையதா என்று அவர் கேட்டார். எவ்வளவு நல்ல கேள்வி! தூய பிளாட்டினக் கம்பியை எடுத்தார். களிமண்ணும் இரும்பும் உலைப் புகையும் தொடாமல், கம்பி இறுகி இழுபடாமல் காத்து, கண்ணாடிக் குழாயினுள் வைத்தார். சூடேற்றினார், குளிர்வித்தார், மீண்டும் மீண்டும் பார்த்தார். கம்பி ஒவ்வொரு முறையும் தன் பழைய மின்தடைக்கே திரும்பி வந்தது. பிளாட்டினம் குற்றமற்றது, அதனோடு சேர்ந்த அழுக்கும் இழுவிசையுமே அதைக் கெடுத்தன என்பது தெளிவாயிற்று. 1886இல் ராயல் சங்கத்தின் முன் வைக்கப்பட்டு 1887இல் அச்சான அவருடைய கட்டுரை, பிளாட்டினத்தின் இழந்த பெயரை மீட்டுக் கொடுத்தது.

மலையில் தைலம் வடிக்கும் பெரியவரை நான் குற்றவாளி ஆக்கினேனே, அதை இங்கே நினைத்துக்கொண்டேன்.

கம்பியின் கணக்கு

கம்பி நம்பத்தக்கது என்று காட்டியதோடு காலண்டர் நிற்கவில்லை. மின்தடை எண்ணை வெப்பநிலை எண்ணாக மாற்ற வேண்டுமே! பனிக்கட்டியில் ஒரு மின்தடை, கொதிநீராவியில் ஒரு மின்தடை. இடைப்பட்ட வேறுபாட்டை 100 பங்காக்கினால் கிடைப்பது பிளாட்டின வெப்பநிலை. ஆனால் அது உண்மை வெப்பநிலைக்கு மிகச் சரியாக ஒத்து வராது. வாயு வெப்பமானி 50 டிகிரி காட்டும்போது பிளாட்டினம் ஏறத்தாழ 50.4 காட்டும். கந்தகம் கொதிக்கும் வெப்பத்தில் வேறுபாடு 20 டிகிரிக்கும் மேல். இந்த வேறுபாடு தாறுமாறானது அன்று, ஒரு பரவளையத்தின் ஒழுங்கில் மாறுகிறது என்று கண்டு, அதை ஒரே மாறிலியைக் கொண்ட எளிய சமன்பாட்டில் அடக்கினார் காலண்டர். பிற்காலத்தில் வான் டூசன் என்பவர் 1925இல் சுழியத்திற்குக் கீழுள்ள வெப்பநிலைகளுக்காக அதில் ஓர் உறுப்பைச் சேர்த்தார். காலண்டர் - வான் டூசன் சமன்பாடு என்ற பெயரில் பிளாட்டின உணரிகளுக்கு இன்றும் அதையே பயன்படுத்துகிறோம்.

எர்னஸ்ட் கிரிஃபித்ஸ் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் அவருக்கு நல்ல துணையாக வாய்த்தார். இருவரும் சேர்ந்து கந்தகத்தின் கொதிநிலையை அளந்து 444.53 டிகிரி என்று 1891இல் வெளியிட்டார்கள். பின்னாளில் உலகம் ஏற்றுக்கொண்ட அளவு 444.6. ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு கூட வேறுபடவில்லை! மைக்காத் தகடுகளைக் குறுக்காகச் சேர்த்து அதன்மேல் கம்பியைச் சுற்றும் முறையும் அக்காலத்தில் வந்ததே.

இனி என்னை ஏமாற்றிய திருகாணிக்கு வருவோம். பிளாட்டினக் கம்பி உலைக்குள் இருக்கும். அளக்கும் கருவியோ வெளியே மேசைமேல் இருக்கும். இரண்டையும் இணைக்கும் கம்பிகளுக்கும் மின்தடை உண்டு. அவை உலைக்கு அருகில் சூடாகும், தூரத்தில் குளிர்ந்திருக்கும். அந்த மின்தடையும் சேர்ந்தால் கணக்கு பொய்த்துவிடும். காலண்டர் என்ன செய்தார்? இணைப்புக் கம்பிகளைப் போலவே, அதே நீளமும் பருமனும் கொண்ட இன்னொரு சோடிக் கம்பிகளை அவற்றின் அருகிலேயே ஓட விட்டார். அந்த வெற்றுச் சோடியின் முனையில் பிளாட்டினம் கிடையாது. அதை வீட்ஸ்டன் சமனச்சுற்றின் அடுத்த கையில் இணைத்தார். இரு சோடிகளும் ஒரே அளவு சூடாகும். ஒரே அளவு மின்தடை கூடும். தராசின் இரு தட்டிலும் ஒரே எடையை வைத்தது போல ஒன்றையொன்று சமன் செய்துவிடும். மிஞ்சுவது உலைக்குள் இருக்கும் பிளாட்டினத்தின் மின்தடை மட்டுமே. ஈடுசெய் கம்பிகள் என்று நாம் தேர்வில் எழுதும் பகுதி இதுதான். நான்கு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேனே தவிர, ஏன் என்று கேட்டதில்லை.

இன்றைய ஜி.சி. ஓவன்களில் பொதுவாக இருக்கும் பிளாட்டின உணரிக்குப் பனிக்கட்டியின் வெப்பத்தில் 100 ஓம் மின்தடை. 100 டிகிரியில் 138.5 ஓம். அதாவது ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.38 ஓம்தான். நான் வேலை செய்த பழைய கருவியில் இணைப்பு இரண்டே கம்பிகள். ஈடுசெய்ய வழி இல்லை. களிம்பேறிய திருகாணி ஒன்றரை ஓம் மின்தடையைச் சேர்த்துவிட்டது. ஓவன் 96 டிகிரியில் இருக்கும்போதே மொத்த மின்தடை 138.5 ஓம் ஆகிவிட, கருவி 100 டிகிரி வந்துவிட்டது என்று எண்ணிச் சூடேற்றுவதை நிறுத்திக்கொண்டது. ஓர் ஓமின் கதை ஒரு மனிதரின் நற்பெயர் வரை வந்து நின்றது!

கடல் கடந்த பேராசிரியர்

1888இல் காலண்டர் ராயல் ஹாலோவே கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். அது பெண்களின் உயர்கல்விக்கென்று இரண்டே ஆண்டுகளுக்கு முன் திறக்கப்பட்ட கல்லூரி. அங்கிருந்தபோது, 1889இல், அவர் சுருக்கெழுத்து முறை ஒன்றைப் புதிதாக வகுத்து நூலாக வெளியிட்டார். கிரேக்கம் படித்த கை அல்லவா? எழுத்தின் மேல் இருந்த காதல் விடவில்லை.

1893இல் கனடா நாட்டின் மாண்ட்ரியால் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்கே ஐந்தாண்டுகள் பணியாற்றினார். 1894இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். நீராவி எஞ்சினின் உருளைக்குள் ஒவ்வொரு சுழற்சியிலும் வெப்பம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் தம் மெல்லிய பிளாட்டினக் கம்பியைக் கொண்டு நிக்கல்சன் என்பவருடன் ஆராய்ந்தார்.

ஹோவர்டு பார்ன்ஸ் என்னும் இளைஞருடன் சேர்ந்து அங்குதான் நாம் படிக்கும் தொடர்பாய்வு முறையைத் தொடங்கினார். ஒரு கண்ணாடிக் குழாயில் நீர் ஒரே சீராக ஓடுகிறது. உள்ளே ஒரு மின்கம்பி அதைச் சூடாக்குகிறது. நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒவ்வொரு பிளாட்டின வெப்பமானி. சிறிது நேரத்தில் எல்லாம் நிலைபெற்றுவிடும். அதன்பின் பாத்திரம் எவ்வளவு வெப்பத்தை உண்டது என்ற தொல்லையே இல்லை. நீரின் ஓட்டத்தையும் மின்சாரத்தையும் மாற்றி, வெப்பநிலை வேறுபாட்டை மட்டும் அப்படியே வைத்து மறுபடி அளந்தால், வெளியே கசிந்த வெப்பமும் கணக்கிலிருந்து கழிந்துவிடும். நீரின் வெப்ப ஏற்புத்திறன் 0 டிகிரி முதல் 100 டிகிரி வரை ஒரே அளவாக இல்லை, சிறிது குறைந்து மீண்டும் கூடுகிறது என்பதை அவர்கள் நுட்பமாகக் காட்டினார்கள். முடிவுகள் 1902இல் முழுமையாக வெளிவந்தன.

1898இல் காலண்டர் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்குச் சென்றபோது மக்கிலில் அவர் விட்டுச்சென்ற நாற்காலிக்கு வந்தவர் யார்? 27 வயதே ஆன எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு! கதிரியக்கத்தில் ரூதர்ஃபோர்டு செய்த, 1908இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த பணிகள் அந்த நாற்காலியில் அமர்ந்தபோது செய்யப்பட்டவை.

உறங்காத காவலாளி

வெப்பநிலையை ஒருமுறை அளப்பது வேறு. இரவும் பகலும் கண்காணிப்பது வேறு. எஃகு உலையின் முன்னால் ஒரு மனிதர் எத்தனை நேரம் நின்று பார்த்து எழுதிக்கொண்டிருக்க முடியும்? 1890களின் இறுதியில் காலண்டர் இதற்கும் வழி கண்டார். வெப்பநிலை மாறினால் சமனச்சுற்றின் சமன் கெடும். கால்வனாமீட்டரின் சுருள் இடமோ வலமோ சாயும். சாயும் பக்கத்திலுள்ள மின்தொடர்பு ஒரு சிறு எந்திரத்தை இயக்கும். அது நழுவு முனையை நகர்த்திச் சமனை மீட்கும். நழுவு முனையோடு ஒரு பேனாவும் கட்டப்பட்டிருப்பதால், சுழலும் உருளைமேல் சுற்றிய தாளில் வெப்பத்தின் ஏற்ற இறக்கம் தானே வரைகோடாகப் பதியும். சார்லஸ் டார்வினின் மகன் ஹோரஸ் டார்வின் நடத்திய கேம்பிரிட்ஜ் கருவித் தொழிலகம் இந்தக் காலண்டர் பதிவுக்கருவிகளைச் செய்து விற்றது.

ஜி.சி. அறையில் தாளின்மேல் முகடுகளை வரைந்து செல்லும் பேனாவைப் பார்த்தபோதெல்லாம் அதற்கு ஒரு பாட்டனார் உண்டு என்று எனக்குத் தெரியாது. சமன் குலைந்தால் தானே சமனை மீட்கும் அந்தத் தத்துவம், பிற்காலப் பதிவுக்கருவிகள் பலவற்றிலும் இருந்தது.

1899இல் காலண்டர் பிரிட்டிஷ் கழகத்தின் முன் ஒரு திட்டத்தை வைத்தார். உலக நாடுகள் அனைத்தும் பிளாட்டின வெப்பமானியை அடிப்படையாகக் கொண்டு, பனிக்கட்டி, கொதிநீர், கொதிக்கும் கந்தகம் என்னும் மூன்று நிலைப்புள்ளிகளில் அளவிட்டு, ஒரே வெப்ப அளவுகோலைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே அது. கம்பியை ஒதுக்கிய அதே சபையின் முன்! உலகம் உடனே செவிசாய்த்துவிடவில்லை. 28 ஆண்டுகள் கழித்து, 1927இல், எடை - அளவுகளுக்கான உலக மாநாடு முதல் சர்வதேச வெப்ப அளவுகோலை ஏற்றபோது, சுழியத்துக்குக் கீழே 190 டிகிரி முதல் மேலே 660 டிகிரி வரை பிளாட்டினக் கம்பிக்கே அரியணை கிடைத்தது. காலண்டர் அதைக் காண உயிரோடிருந்தார். 1990இல் வகுக்கப்பட்ட அளவுகோலிலும் ஏறக்குறைய 962 டிகிரி வரை அக்கம்பியின் ஆட்சி தொடர்கிறது.

நீராவியும் மகனும்

1902இல் லண்டன் ராயல் அறிவியல் கல்லூரிக்கு மாறிய காலண்டர், அது இம்பீரியல் கல்லூரியின் அங்கமான பிறகும் இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். 1906இல் ராயல் சங்கம் அவருக்கு ரம்ஃபோர்டு பதக்கம் அளித்தது. நீராவியின் பண்புகளை அளந்து அவர் தொகுத்த அட்டவணைகள் 1915இல் வெளிவந்து, மின்நிலையங்களையும் கப்பல்களையும் இயக்கும் சுழலிகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்குக் கைவிளக்காயின. 1920இல் நீராவி பற்றிய அவருடைய பெருநூலும் வெளிவந்தது. 1930ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் அவர் காலமானார்.

அளக்கும் ஆர்வம் அவரோடு மறையவில்லை. மாண்ட்ரியாலில் பிறந்த அவருடைய மகன் கை ஸ்டூவர்ட் காலண்டர் தந்தையாரின் நீராவி ஆய்வுகளில் உடனிருந்து உழைத்தவர், தொழிலால் பொறியாளர். ஓய்வு நேரத்தில் அவர் உலகெங்கும் உள்ள வானிலை நிலையங்களின் பழைய வெப்பப் பதிவுகளைத் திரட்டினார். நிலக்கரியை எரிப்பதால் காற்றில் கரியமில வாயு கூடுகிறது, பூமியும் மெல்லச் சூடாகிறது என்று 1938இல் கட்டுரை எழுதினார். அன்று பலர் அதை ஏற்கவில்லை. இன்று உலகமே அதைப் பேசுகிறது. தந்தை உலையின் வெப்பத்தை அளந்தார். மகன் உலகின் வெப்பத்தை அளந்தார்.

நமக்கு அவர் சொல்வது

காலண்டர் நோபல் பரிசு பெற்றவர் அல்லர். அணுவைப் பிளந்தவரும் அல்லர். ஒரு கம்பியை நம்பத்தக்கதாக ஆக்கியதே அவருடைய பெரும்பணி. ஆனால் அந்த நம்பிக்கையின்மேல்தான் மருந்துத் தொழிற்சாலையும் இரும்பு உலையும் நம் ஆய்வகத்து ஓவனும் நிற்கின்றன. வீட்டின் கடைக்காலை யாரும் பார்ப்பதில்லை. அது இல்லாவிட்டால் மாடியும் இல்லை.

மாணவ நண்பர்களே! காட்டியில் ஒளிரும் எண்ணைக் கண்டவுடன் அதை வேதவாக்காகக் கொள்வது நமக்குப் பழகிவிட்டது. அந்த எண் எங்கிருந்து வருகிறது, எந்தக் கம்பி வழியாக வருகிறது, வழியில் அதில் என்ன சேர்ந்தது என்று ஒரு முறையேனும் கேட்க வேண்டும். தினமும் வேலையைத் தொடங்குமுன் தெரிந்த பொருள் ஒன்றைச் செலுத்திப் பார்க்க வேண்டும். தனி வெப்பமானியால் ஓவனை அவ்வப்போது சரிபார்த்து, கண்டதைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இவற்றுக்கு ஆகும் நேரம் அரை மணி. இவற்றைச் செய்யாததால் நான் இழக்க இருந்தது ஒரு நண்பரை. அந்தப் பெரியவர் இழக்க இருந்தது தம் பெயரை.

கலப்படம் என்று எழுதிய அந்தப் பக்கத்தை நான் கிழித்துவிடவில்லை. அதன்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதிவைத்தேன். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு நண்பரிடம் அப்பக்கத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது, அவருடைய தந்தையார் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி ஒரு புட்டி தைலத்தை என் கையில் வைத்தார். அது என் மேசைமேல் இருக்கிறது. ஓவனின் கதவை மூடும் ஒவ்வொரு முறையும் அந்தப் புட்டி எனக்கு நினைவுக்கு வருகிறது. கூடவே, ஒதுக்கப்பட்ட ஒரு கம்பியின் பக்கம் நின்று, குற்றம் யாருடையது என்று பொறுமையாகக் கேட்ட அந்த இருபத்திரண்டு வயது இளைஞரும் நினைவுக்கு வருகிறார்.